மைசூருவில் அரபு அடுப்பு! கரியில் வேகும் கறியும், நம்மவர் கைக்காசும்

சம்பளம் கைக்கு வந்த வாரத்தில், மாலை நேரம் மைசூருவின் கடைத்தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு மணம் மூக்கைத் துளைக்கும். அது மைசூரு மல்லிகையின் மணம் அல்ல. மைசூர்பாகின் நெய் மணமும் அல்ல. கரி நெருப்பில் கோழி வேகும் மணம்!

ஷவர்மா, அல்பாம், மந்தி, குப்பூஸ் என்று பலகைகள் மின்னுகின்றன. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். சில கடைகளில் மலையாளத்திலும் உண்டு. தமிழ்ப் பலகை நம் கண்ணில் படவில்லை. ஆனால் உள்ளே மேஜைக்கு மேஜை தமிழ்ப் பேச்சு கேட்கிறது. ஹெப்பாள், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள், நஞ்சன்கூடு ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், ரெயில்வே பணிமனை ஊழியர்கள், கடைக் கணக்கர்கள், அலுவலக குமாஸ்தாக்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

இவர்கள் மனதில் உள்ள கேள்விகள் மூன்று. இது என்ன பண்டம்? கொடுக்கிற காசுக்கு வயிறு நிறையுமா? சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாதே?

மூன்றாவது கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு வயிறு கெட்டால் இரண்டு நாள் லீவு. தினக்கூலிக்காரருக்கோ இரண்டு நாள் கூலி போச்சு. டாக்டர் செலவு வேறு. பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டு போனால், அதைச் சாப்பிடப் போவது குழந்தைகள்.

எனவே நான்கு மாலை வேளைகளில் நகரின் பல பகுதிகளில் உள்ள இந்தக் கடைகளுக்குப் போய், சாப்பிட்டும் பார்த்தோம். அடுப்படியில் நின்று கேட்டும் பார்த்தோம். கடைகளின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் நீங்களே தரம் பார்க்கத் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதுதான் நம் நோக்கம்.

அரபு நாட்டிலிருந்து அசோகா ரோடு வரை

சுட்ட இறைச்சி மைசூருவுக்குப் புதிதல்ல. அசோகா ரோடு, மண்டி மொகல்லா பக்கம் சீக் கபாப் என்றைக்கோ வந்துவிட்டது. கொத்திய இறைச்சியை இரும்புக் கம்பியில் அப்பி, தணல் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். எலுமிச்சம்பழமும் வெங்காயமும் துணைக்கு வரும்.

தமிழனுக்கும் இது புதிதல்ல. கரிகால் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையிலேயே, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கறியைப் பொருநர்களுக்குச் சூடாகப் பரிமாறிய செய்தி வருகிறது!

புதிதாக வந்தவை அரபு நாட்டுப் பண்டங்களும், மத்தியதரைக் கடல் கரை நாடுகளின் பண்டங்களும்தான். அவை இங்கே வந்த வழி சுவாரசியமானது.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகளில் வேலை பெருகியது. கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே போனார்கள். கட்டட வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஓட்டல் அடுப்படிக்குப் போனவர்களும் உண்டு. ஊர் திரும்பியவர்கள் பணத்தோடு கைப்பக்குவத்தையும் கொண்டு வந்தார்கள். மலப்புரம், கோழிக்கோடு, கண்ணூர் என்று கடைகள் முளைத்தன. வயநாட்டு மலை ஏறி இறங்கினால் மைசூரு. கடைகளும் மலை ஏறி இறங்கி வந்துவிட்டன.

ஆக, பிழைப்பு தேடிப் போனவன் கொண்டு வந்த சாப்பாட்டை, பிழைப்பு தேடி வந்தவன் சாப்பிடுகிறான்!

மந்தி என்றால் குரங்கா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த நான்கு பேர் ஒரே அறையில் தங்கி ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். அவர்களோடு ஒரு கடைக்குப் போனோம். விலைப்பட்டியலை வாசித்துக் காட்டியதும், நால்வரில் மூத்தவர் சிரித்துவிட்டார்.

"மந்தியா? என்ன மாப்ளே, குரங்குக் கறியா விக்கிறான்?" என்றார்.

"இல்லே மாமா, அது பிரியாணி மாதிரி. சாப்பிட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்றார் இளையவர்.

மந்தி என்பது அரபுச் சொல். ஈரப்பதம், பனித்துளி என்ற பொருளில் வந்தது. ஏமன் நாட்டின் ஹத்ரமாத் பகுதிதான் இதன் தாய்வீடு. ஐதராபாத்தில் பர்காஸ் என்ற பகுதி இருக்கிறது. நிஜாமின் படையில் வேலை செய்ய வந்த ஹத்ரமாத் அரபிகளின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். மந்திக்கு அந்தப் பகுதி பெயர் பெற்றது.

கேரளத்தார் இதைக் "குழிமந்தி" என்கிறார்கள். குழி என்பது நம் குழிதான். நிலத்தில் குழி வெட்டி, உள்ளே தணல் போட்டு, அரிசிப் பானையை இறக்குவார்கள். அரிசிக்கு மேலே கம்பித் தட்டில் இறைச்சி. வாயை மூடிவிடுவார்கள். இறைச்சி வேக வேக, அதன் சாறும் கொழுப்பும் சொட்டுச் சொட்டாக அரிசியில் இறங்கும். அந்தச் சொட்டில்தான் ருசி இருக்கிறது.

பிரியாணியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். மந்தியில் மசாலா குறைவு. பச்சை மிளகாய்க் காரம் இல்லை. திண்டுக்கல், ஆம்பூர்ப் பிரியாணியில் பழகிய நாக்குக்கு முதல் கவளம் சப்பென்று இருக்கும். கூடவே தரும் தக்காளிச் சட்னியைச் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டால் ருசி பிடிபடும். பெரிய தாம்பாளம் ஒன்றில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அரபு வழக்கம்.

தட்டு காலியானதும் மூத்தவர் சொன்ன தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரசம் இல்லையே!"

கறியும் கரியும்

அடுத்தது அல்பாம். அரபியில் "பாம்" என்றால் அடுப்புக்கரி. நம் மொழியில் சொன்னால், கரியில் சுட்ட கறி. அவ்வளவுதான் பெயர்க் காரணம்.

முழுக் கோழியை முதுகுப் பக்கம் பிளந்து தட்டையாக விரித்து, மசாலா தடவி ஊற வைக்கிறார்கள். பிறகு இரட்டைக் கம்பி வலைக்குள் இறுக்கி, தணல் மேல் புரட்டிப் புரட்டிச் சுடுகிறார்கள். எண்ணெயில் பொரிப்பதில்லை. கோழியின் கொழுப்பே உருகித் தணலில் விழுந்து புகையாக எழும்பும். அந்தப் புகைதான் அல்பாமின் வாசனை.

தொட்டுக்கொள்ள குப்பூஸ். ரொட்டி என்பதற்கான அரபுச் சொல் அது. சூடாக இருக்கும்போது பஞ்சு போல் இருக்கும். ஆறினால் தோல் போல் ஆகிவிடும். எனவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி அடுக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

சுழலும் கம்பி

ஷவர்மா மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைப் பண்டம். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் நாடுகளில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. "சுழலுவது" என்ற பொருள் தரும் துருக்கிச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. படுக்கையாக இருந்த கம்பியை நிமிர்த்தி, இறைச்சியைச் செங்குத்தாகச் சுடும் முறை துருக்கியில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. துருக்கியின் தோனர் கபாபும் கிரேக்கர்களின் யீரோஸும் இதற்குச் சொந்தக்காரர்கள்.

எலும்பில்லாத இறைச்சியை அடுக்கடுக்காகக் கம்பியில் குத்தி, பக்கத்தில் நெருப்பு வைத்துச் சுழல விடுகிறார்கள். வெளிப்பக்கம் வெந்ததும் கத்தியால் மெல்லியதாகச் சீவுகிறார்கள். சீவினால் உள்ளே இருக்கும் வேகாத பகுதி வெளியே வருகிறது. அது வெந்ததும் மறுபடி சீவுகிறார்கள்.

இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

சைவக்காரருக்கு என்ன?

இறைச்சி சாப்பிடாத குமாஸ்தா நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கடைகள் சிலவற்றில் பலாபெலும் ஹம்மூசும் கிடைக்கின்றன.

பலாபெல் பார்ப்பதற்கு நம் மசால் வடையின் பங்காளி. ஊற வைத்த கொண்டைக்கடலையை அரைத்து, கொத்தமல்லித் தழையும் சீரகமும் சேர்த்து உருட்டிப் பொரிக்கிறார்கள். எகிப்தில் கொண்டைக்கடலைக்குப் பதிலாக ஒருவகை மொச்சையில் செய்வார்கள்.

ஹம்மூஸ் என்பது வேக வைத்த கொண்டைக்கடலை, அரைத்த எள், எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்ந்த விழுது. மேலே ஆலிவ் எண்ணெய். கடலையும் எள்ளும் நம் வீட்டுச் சரக்குதான். மிளகாய் வற்றல் இல்லாத துவையல் என்று நினைத்துச் சாப்பிட்டால் சரியாக இருக்கும். பலாபெல் பொரிக்கும் எண்ணெயும் சட்டியும் தனியா என்று மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள்.

காசுக் கணக்கு

நாம் போன கடைகளில் ஷவர்மா ஒன்று 90 ரூபாயிலிருந்து 120 ரூபாய் வரை. கால் பங்கு அல்பாம் 150 ரூபாய் சுமார். முழுக்கோழி அல்பாம் 540 ரூபாய். குப்பூஸ் ஒன்று 10 ரூபாய். நாலு பேருக்கான கோழி மந்தி 720 ரூபாய். ஆட்டிறைச்சி மந்தி என்றால் ஏறத்தாழ இரு மடங்கு.

தனியாளாகப் போய்க் கால் அல்பாமும் மூன்று குப்பூசும் சாப்பிட்டால் 180 ரூபாய் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து முழு அல்பாமும் 8 குப்பூசும் வாங்கினால் 620 ரூபாய். ஆளுக்கு 155 ரூபாய். சேர்ந்து போவது லாபம்!

ஆனால் ஒன்று. பசியோடு வேலை முடிந்து வருகிறவருக்கு இரண்டு குப்பூஸ் போதாது. அவர்கள் மந்திக்குப் போவது நல்லது. ஆளுக்கு 180 ரூபாயில் சோறு வயிறு நிறையக் கிடைக்கிறது. ஷவர்மா மாலைச் சிற்றுண்டிதான். அதை இரவுச் சாப்பாடாக நினைத்து வாங்கினால், படுக்கப் போகுமுன் மறுபடி பசிக்கும்.

பில்லை ஏற்றுவது கோழி அல்ல, பக்க வாத்தியங்கள்தான். குளிர்பானம், உருளைக்கிழங்கு வறுவல், கூடுதல் சாஸ், பாட்டில் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு கால் கோழி விலை வந்துவிடுகிறது. சில கடைகளில் அல்பாமோடு குப்பூஸ் இலவசமாகத் தருகிறார்கள். முன்கூட்டியே கேளுங்கள். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று போட்டிருந்தால் அது கட்டாயம் அல்ல. தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. சரக்கு சேவை வரி வேறு. அதைக் கொடுத்தாக வேண்டும்.

உயிர் போன கதை

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்து போனாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பரிசோதனையில் ஷிகெல்லா என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள்.

கர்நாடகத்திலும் அதிகாரிகள் 2024-ஆம் ஆண்டு ஷவர்மா மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். 17 மாதிரிகளில் 8 மட்டுமே பாதுகாப்பானவை என்று முடிவு வந்தது. அதே ஆண்டு ஜூனில், கபாப்களில் செயற்கைச் சாயம் சேர்க்கக் கர்நாடக அரசு தடை விதித்தது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் இந்தப் பக்கமே போகக் கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

மலப்புரத்துக்காரரான ஒரு அடுப்பு மாஸ்டரிடம் கேட்டோம். சவுதி அரேபியாவில் 11 ஆண்டுகள் இதே வேலை பார்த்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். வலையைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"அண்ணே, கறி நெருப்பிலே கெடறது இல்லே. நெருப்புக்கு முன்னாலே கெடும். இல்லேன்னா நெருப்புக்குப் பின்னாலே கெடும்."

இது முழுக்க முழுக்க உண்மை. கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டிவிட்டால் நோய்க் கிருமிகள் மடிந்து போகும். அந்தச் சூடு எட்டாமல் போவதும், எட்டிய பிறகு ஆறிப் போய்க் கிடப்பதும்தான் ஆபத்து. 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் உள்ள வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன.

இப்போது சுழலும் கம்பியின் சூட்சுமத்தைப் பாருங்கள். கூட்டம் இல்லாதபோது மாஸ்டர் நிதானமாக வேக விட்டுச் சீவுகிறார். சனிக்கிழமை இரவு பத்துப் பேர் பரபரத்து நிற்கிறார்கள். கத்தி ஆழமாகப் போகிறது. வெளியே வெந்த துண்டோடு உள்ளே வேகாத துண்டும் சேர்ந்து வந்துவிடுகிறது. நல்ல கடைக்காரர் சீவிய இறைச்சியைச் சூடான தோசைக்கல் போன்ற தட்டில் மறுபடி ஒரு புரட்டு புரட்டுகிறார். அந்த இரண்டாவது சூடுதான் உங்களுக்குக் காவல்.

இன்னொரு ஆபத்து, கடை மூடும்போது மிஞ்சும் கம்பி. நெருப்பை அணைத்த பிறகு மேல் பாதி வெந்தும், உள் பாதி வேகாமலும் நிற்கும் இறைச்சியை மறுநாள் சுழல விடுகிற கடைக்குப் போகவே கூடாது. கடை திறந்தவுடன் கம்பியைப் பாருங்கள். முழுக் கூம்பாக, சீவப்படாமல் இருந்தால் அன்றைக்குக் குத்தியது என்று நம்பலாம். திறந்தவுடனேயே இளைத்துப் போய், கருத்து, காய்ந்து நின்றால் நேற்றையது என்று சந்தேகப்படலாம்.

சீக் கபாபுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்திய இறைச்சியில் எல்லா இடத்திலும் கலந்துவிடும். எனவே கபாபைப் பிட்டுப் பார்த்து, நடுவில் சிவப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

வெள்ளைக் குழம்பு

"நெருப்புக்குப் பின்னாலே" என்று மாஸ்டர் சொன்னதில் முதல் இடம் மயோனைசுக்கு.

பச்சை முட்டையையும் எண்ணெயையும் சேர்த்து அடித்தால் கிடைக்கும் வெள்ளைக் குழம்பு அது. அது நெருப்பைப் பார்ப்பதே இல்லை. முட்டையில் கிருமி இருந்தால் அப்படியே வயிற்றுக்கு வந்துவிடும். கேரள அரசு 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தடை போட்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

வேடிக்கை என்னவென்றால், லெபனான்காரர் கோழி ஷவர்மாவுக்கு மயோனைசைத் தேடுவதில்லை. அவர்கள் பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு மட்டும் சேர்த்து அடித்த "தூம்" என்ற விழுதைத் தடவுகிறார்கள். அதில் முட்டையே கிடையாது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஷவர்மாவுக்கு அரைத்த எள் விழுது. பண்டத்தைத் தூக்கிக் கொண்டு வந்தவர்கள் விழுதை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்!

எனவே தயங்காமல் கேளுங்கள்: "முட்டை போட்ட மயோனைசா, போடாததா?" பதில் தெளிவாக வரவில்லையா? "அது வேண்டாம், வெங்காயமும் எலுமிச்சையும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ருசி ஒன்றும் குறையாது. கோழியின் ருசி கூடுதலாகத் தெரியும்.

பார்சல் கட்டும்போது

இரண்டாவது இடம் பார்சலுக்கு.

ஒரு கடையில் இரவு மணி பத்தரை. திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வேலை முடித்துக் கூலியோடு வந்து நின்றார். இரண்டு ஷவர்மா பார்சல் கேட்டார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

"பெரியவ முழிச்சிருப்பா. சின்னவ தூங்கியிருப்பா. அவளுக்குக் காலையிலே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்து விட்டுடுவேன்" என்றார்.

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, காலையிலே கொடுக்க வேணாம். நான் ஒண்ணு தர்றேன், மயோனைஸ் போடாம. போன உடனே பெரிய மோளுக்குக் கொடுங்க. சின்ன மோளை நாளைக்குச் சாயந்திரம் இங்கே கூட்டிட்டு வாங்க. சூடா போட்டுத் தர்றேன்."

கொத்தனார் கொஞ்சம் யோசித்தார். ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

கையில் வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன அந்தக் கடையில்தான் நாம் மறுநாள் மாலையும் போய்ச் சாப்பிட்டோம்.

சமைத்த இறைச்சியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குளிர்ப்பெட்டி இல்லாத அறைகளில் தங்கியிருப்பவர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். இரவு வாங்கியதைக் காலையில் சாப்பிடுவது சிக்கனம் அல்ல. கேரளத்தில் 2023-ஆம் ஆண்டு முதல், தயாரித்த நேரத்தையும் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் பார்சல் மேல் எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நம் கடையில் ஒட்டவில்லை என்றால் நாமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உட்காருமுன் பார்க்க வேண்டியவை

கடைக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பார்க்காதீர்கள். அடுப்பைப் பாருங்கள். இந்தக் கடைகளில் உள்ள பெரிய வசதியே, பல இடங்களில் அடுப்பு வாசலிலேயே இருப்பதுதான்.

மசாலா தடவிய பச்சைக் கோழி குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறதா, மேஜை மேல் ஈ மொய்க்கக் கிடக்கிறதா என்று பாருங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட அதே கையும் கத்தியும் வெந்த இறைச்சிக்கும், வெட்டி வைத்த முட்டைக்கோசுக்கும் போகிறதா என்று கவனியுங்கள். வெந்த கோழிக்கு நோயை ஏற்றுவது பல நேரம் அந்தக் கைதான்.

அல்பாமைத் தொடையும் எலும்பும் சேரும் இடத்தில் பிய்த்துப் பாருங்கள். சதை இளஞ்சிவப்பாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் மறுபடி தணலில் வைக்கச் சொல்லுங்கள். வெளித்தோல் கருகியிருப்பது வெந்ததற்கு அடையாளம் ஆகாது. கண்ணைப் பறிக்கும் செக்கச் சிவப்பும் ருசிக்கு அடையாளம் ஆகாது.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையிலும் பில்லிலும் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் உங்கள் சாட்சி. புகார் செய்ய 1800112100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கத் தொடங்குங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, சோர்ந்து விழுந்தாலோ உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் ஒரு இரவு கூடக் காத்திருக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

எந்த நேரம் நல்ல நேரம்?

பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு நல்ல நேரத்தைச் சொல்லி முடிக்கிறோம்.

கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து, கூட்டம் சேருவதற்கு முன்னால் போங்கள். மைசூருவில் அது பெரும்பாலும் மாலை 7 மணி. தணல் நன்றாகப் பிடித்திருக்கும். கம்பி முழுசாக இருக்கும். மாஸ்டருக்குப் பேச நேரம் இருக்கும். நிதானமாக வேக வைப்பார். சனி, ஞாயிறு இரவு 9 மணிக்கு மேல் போகிறவருக்குக் கிடைப்பது அவசரத்தில் சீவியதும், ஆறிப் போனதும்தான்.

நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஒரு முழு அல்பாம் சொல்லுங்கள். வெள்ளைக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் பார்சலை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். குழந்தைகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.